ஹைப்ரிட் கார் மோதினால் அதன் மின்சாரம் என்ன ஆகிறது?

கேள்வி இதுதான்: "குடும்பத்துக்காக ஒரு ஹைப்ரிட் எஸ்யூவி பார்த்து வைத்திருக்கிறோம். நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு ஷாக் அடிக்குமா? பேட்டரி டிக்கிப் பக்கம் இருக்கிறது, பின்னால் லாரி இடித்தால் தீப்பிடிக்குமா? 5 நட்சத்திரம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் சோதனையில் இதையெல்லாம் பார்க்கிறார்களா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பவருக்கு ஷாக் அடிக்க வேண்டுமானால் ஒரே நேரத்தில் பல பாதுகாப்புகள் தோற்க வேண்டும், அது மிக அரிது. நீங்கள் பார்க்கும் வகைக் காரில் தீ என்றால் நான் முதலில் கவலைப்படுவது பெட்ரோல் டேங்க்கைப் பற்றித்தான், பேட்டரி அதற்கு அப்புறம். நட்சத்திரமோ சோதனைக் காரில் உட்கார வைக்கும் மனித பொம்மைகளான டம்மிகள் மேல் விழுந்த அடியை வைத்துத் தருவது. மின்சாரப் பாதுகாப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்று அது சொல்லாது.

ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கார்கள் விற்கின்றன. மைல்டு ஹைப்ரிடில் இருப்பது 12 அல்லது 48 வோல்ட். டிசி மின்சாரத்தில் 60 வோல்ட் வரைக்கும் ஆபத்தான வோல்டேஜ் என்று விதிகள் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் இந்தப் பதிலில் அவற்றுக்கு வேலையில்லை. நீங்கள் பார்ப்பது ஸ்ட்ராங் ஹைப்ரிடாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்; அதில் வோல்டேஜ் அதிகம், சேமிப்பு குறைவு. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைப்ரிட் கார்களில் இருப்பது சுமார் 0.76 கிலோவாட் மணி நேர லித்தியம் பேட்டரி, 177.6 வோல்ட். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் இருந்தது 168 செல் கொண்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, 201.6 வோல்ட். மூன்றாவது வகை, வீட்டில் சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைப்ரிட். அதில் சேமிப்பு பத்து, இருபது மடங்கு கூடிவிடும். ஷாக் எவ்வளவு ஆபத்து என்பது வோல்டேஜைப் பொறுத்தது, தீ எவ்வளவு ஆபத்து என்பது எத்தனை மின்சாரம் சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் வருகிறது.

ஷாக்கிலிருந்து தொடங்கலாம். சாதாரண 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையை காரின் பாடியோடு இணைத்திருப்பார்கள். ஹைப்ரிடின் உயர் வோல்டேஜ் சர்க்யூட்டில் அப்படிக் கிடையாது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே பாடியிலிருந்து முழுக்கப் பிரிந்து தனியாக ஓடும். ஒரு ஒயர் நசுங்கிப் பாடியைத் தொட்டாலும் மின்சாரம் திரும்பி வர வழியில்லாததால் பாடியைத் தொடுபவருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு முனைகளுமே கெட்டு, நடுவில் மனிதர் மாட்ட வேண்டும். அந்த ஒயர்களுக்கு உலகம் முழுக்க ஆரஞ்சு நிறம். காருக்கு அடியில் நடுப்பகுதியை ஒட்டி, பக்கவாட்டு அடி எளிதில் எட்டாத இடத்தில் கொண்டுபோவார்கள்.

இனி மோதும் கணம். ஏர்பேக்கை வெடிக்கச் சொல்லும் அதே கம்ப்யூட்டர், அதே சில பத்து மில்லி வினாடிகளுக்குள் ஹைப்ரிட் கம்ப்யூட்டருக்கும் செய்தி அனுப்புகிறது. பேட்டரிப் பெட்டிக்குள் பாசிட்டிவுக்கு ஒன்று, நெகட்டிவுக்கு ஒன்று என்று மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள், அதாவது மெயின் ரிலேக்கள் உண்டு. இவை இயல்பில் திறந்தே இருப்பவை. 12 வோல்ட் மின்சாரம் இழுத்துப் பிடித்தால்தான் மூடும், பிடி விட்டால் ஸ்பிரிங் திறந்துவிடும். ஆக, செய்தி போய்ச் சேர்ந்தாலும் சரி, மோதலில் 12 வோல்ட் லைனே அறுந்து போனாலும் சரி, பேட்டரி துண்டிக்கப்பட்டுவிடும். கெட்டுப் போவதே பாதுகாப்பான பக்கமாக இருக்கும்படி செய்த ஏற்பாடு இது. பெரிய கரன்ட் பாயும்போது ரிலேயின் முனைகள் வெல்டாகி ஒட்டிக்கொள்ளவும் கூடும், ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பதில் அந்தக் கணக்கும் உண்டு. புதிய பிளக்-இன், எலெக்ட்ரிக் கார்கள் சிலவற்றில் சிறு வெடிமருந்தால் செப்புப் பட்டையையே வெட்டிவிடும் பைரோ ஃபியூஸும் இருக்கிறது.

துண்டித்தாயிற்று, முடிந்ததா என்றால் இல்லை. பேட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டருக்குள் பெரிய கெபாசிட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரை அணைத்த பிறகும் மேல்தொட்டித் தண்ணீர் குழாயில் வருகிற மாதிரி, பேட்டரி துண்டித்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கும். போதாததற்கு டொயோட்டா அமைப்பு பேட்டரி வோல்டேஜை இன்வெர்ட்டரில் ஏற்றிக்கொள்கிறது: இரண்டாம் தலைமுறை பிரியஸில் 500 வோல்ட் வரை, மூன்றாம் தலைமுறையில் 650 வரை. மோதல் செய்தி வந்ததும் இந்த மின்சாரத்தை மோட்டார் சுருளிலோ ரெசிஸ்டரிலோ விட்டு வெப்பமாக்கித் தீர்க்க வேண்டும். உயர் வோல்டேஜ் லைனைக் கையால் துண்டிப்பதற்கென்று உள்ள சேஃப்டி பிளக்கைச் சர்வீஸ் வேலைக்குக் கழற்றும் மெக்கானிக்கை 10 நிமிடம் காத்திருக்கச் சொல்வதும் இந்தக் கெபாசிட்டர் காரணமாகத்தான்.

இதையெல்லாம் சோதனைக்கூடத்தில் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காணொளிகளில் நாம் பார்ப்பது கார் தடுப்பில் மோதி நிற்கும் வரைதான். ஹைப்ரிட் என்றால் பாதி வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மோதலுக்கு முன்பே உயர் வோல்டேஜ் லைனில் அளவெடுக்கும் ஒயர்களை இணைத்திருப்பார்கள். ஐநாவின் 94-ஆம் விதி முன்பக்க மோதலுக்கு, 95-ஆம் விதி பக்கவாட்டு மோதலுக்கு. இரண்டும் கேட்பது இதைத்தான்: மோதிய ஒரு நிமிடத்துக்குள் அளக்கும்போது வோல்டேஜ் டிசியில் 60, ஏசியில் 30 என்ற அளவைத் தாண்டக் கூடாது, அல்லது மிச்சமுள்ள ஆற்றல் 0.2 ஜூலுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அல்லது கைபடாத மறைப்பு உடையாமல் இருக்க வேண்டும். அல்லது இன்சுலேஷன் போதுமான அளவு மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்றாவது தேற வேண்டும்.

கைபடாத மறைப்பு என்பதைச் சோதிக்க ஒரு பொய் விரல் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் தடிமன், 80 மில்லிமீட்டர் நீளம், நம் விரலைப் போலவே இரண்டு மூட்டுகள். நசுங்கிய காரில் பெட்டி பிளந்த இடம், மூடி பெயர்ந்த இடம் எல்லாவற்றிலும் டெக்னீஷியன் அதை மெல்ல அழுத்தி, எல்லாப் பக்கமும் மடக்கி விட்டுப் பார்ப்பார். உள்ளே மின்சாரமுள்ள பாகத்தில் அது பட்டுவிட்டால் அந்த வழியில் தேற முடியாது. நொறுங்கிய காருக்குள் கையை விட்டு ஆளை இழுக்கும் மீட்புக்காரரின் விரல்தான் அது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலேஷன் கணக்கு எளிது. டிசி என்றால் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம், ஏசி கலந்தால் 500 ஓம். 200 வோல்ட் பேட்டரிக்கு 100 ஓம் வீதம் 20,000 ஓம் வருகிறது. ஒருவர் ஒரு முனையையும் காரின் பாடியையும் சேர்த்துத் தொட்டாலும் அந்தக் கசிவுப் பாதையில் பாயக்கூடியது 200-ஐ 20,000-ஆல் வகுத்தால் கிடைக்கும் 10 மில்லி ஆம்பியர்தான். 500 ஓம் என்றால் 2 மில்லி ஆம்பியர். எத்தனை வோல்ட் பேட்டரியாக இருந்தாலும் கசிவு இதைத் தாண்டாது. உடம்பு தாங்கக்கூடிய கரன்ட்டிலிருந்து பின்னோக்கி எழுதிய விதி இது.

அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 305 விதியில் இன்னொரு கட்டம் உண்டு. மோதிய காரை ஒரு பெரிய சட்டகத்தில் கட்டி, 90 டிகிரி 90 டிகிரியாக ஒரு முழுச் சுற்று உருட்டுவார்கள். ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, பேட்டரிக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட் திரவம் எதுவும் ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் வரவில்லை, வெளியே 5 லிட்டருக்கு மேல் சிந்தவில்லை என்று பார்ப்பார்கள். இப்படித் தலைகீழாகத் திருப்பும்போது என்ன நடக்கலாம் என்பதைத்தான் 2011-இல் ஒரு கார் எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தது.

ஷெவர்லே வோல்ட். 16 கிலோவாட் மணி நேர லித்தியம் பேட்டரி கொண்ட பிளக்-இன் ஹைப்ரிட். பேட்டரி ஆங்கில 'டி' எழுத்து வடிவில், காரின் நடு முதுகெலும்பு வழியாக ஓடிப் பின் சீட்டுக்கு அடியில் விரியும். பக்கவாட்டு அடிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். 2011 மே மாதம் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ, விஸ்கான்சின் மாநிலத்துச் சோதனைக்கூடம் ஒன்றில் அந்தக் காரை மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டாக ஒரு கம்பத்தில் மோதவிட்டது. டம்மிகள் நன்றாகத் தப்பின, கார் 5 நட்சத்திரம் வாங்கியது. வழக்கம்போல உருட்டிப் பார்த்துவிட்டு, முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுமார் மூன்று வாரம் கழித்து அது தானாக எரிந்து, பக்கத்தில் நின்ற கார்களையும் எரித்தது.

காரணம் தேடிப் போனால், ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்த ஒரு குறுக்கு இரும்புப் பட்டை உள்ளே தள்ளப்பட்டுப் பேட்டரிப் பெட்டியைக் குத்தியிருந்தது. அங்கே கூலன்ட் கசிந்தது. காரைத் திருப்பியபோது அந்தத் திரவம் பேட்டரிக்கு மேலே இருந்த எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்தது. பேட்டரியில் சார்ஜ் அப்படியே இருந்ததால் ஷார்ட் மெதுவாக வளர நாள் கிடைத்தது. நவம்பரில் பேட்டரியை மட்டும் தனியாக எடுத்து, அதே மாதிரி குத்தி, கூலன்ட் சிந்தவிட்டு, திருப்பிப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்று உடனேயே புகையும் பொறியும் விட்டது, இன்னொன்று ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் எரிந்தது. அந்த ஒரு வாரம்தான் எல்லோரையும் உலுக்கியது. பெட்ரோல் கசிவு என்றால் மோதிய அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், பழைய விதிகள் எல்லாமே அந்தக் கால அளவை மனதில் வைத்து எழுதியவை. லித்தியத்துக்கு அந்தக் கடிகாரம் பொருந்தவில்லை.

2012 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த தீர்வு பார்வைக்கு மிகச் சாதாரணம். பேட்டரியைச் சுற்றியுள்ள பாடிக்குக் கூடுதல் இரும்பு வலுவூட்டல், கூலன்ட் அளவைக் கவனிக்கும் சென்சார், கூலன்ட் தொட்டிக்கு மேல் ஒரு தடுப்பு. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே வலுவூட்டிய காரை என்எச்டிஎஸ்ஏ அதே கம்பத்தில் மோதிப் பார்த்திருந்தது. பெட்டியில் குத்து விழவில்லை. அமெரிக்காவில் அதுவரை விற்றிருந்த சுமார் 8,000 கார்களுக்கும் இதைச் செய்தார்கள். சாலை விபத்தில் இப்படி எரிந்த வோல்ட் ஒன்றுகூட அப்போது பதிவாகவில்லை என்று சொல்லி, அதே மாதம் விசாரணையையும் மூடினார்கள். ஆனால் மோதிய காரின் பேட்டரியை அப்படியே விட்டு வைக்காதே, சார்ஜைத் தீர்த்துவிடு என்ற வழக்கம் அந்தத் தீக்குப் பிறகுதான் பரவலானது.

உங்களுக்கு இதில் கவனிக்க வேண்டியது அளவு. வோல்ட்டின் 16 கிலோவாட் மணி நேரம் எங்கே, நீங்கள் பார்க்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிடின் 1-க்கும் குறைவான பேட்டரி எங்கே. அதிலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்றால் லித்தியம் போல எரியும் கரைப்பான் கிடையாது, நீர் கலந்த காரம்தான். அது தீப்பிடிக்காது, ஆனால் கடுமையான காரம் என்பதால் தோலிலோ கண்ணிலோ பட்டால் புண்ணாக்கிவிடும், தொடக் கூடாது. அந்தக் காரில் இருக்கும் 45 லிட்டர் பெட்ரோலோடு ஒப்பிட்டால் பேட்டரியின் ஆற்றல் தூசு.

அடுத்து, பாடி. ஹைப்ரிடின் பானெட்டைத் திறந்தால் எஞ்சின், மோட்டார் உள்ள கியர்பெட்டி, அதன் மேல் இன்வெர்ட்டர் என்று அடைத்து வைத்திருப்பார்கள். இவை நசுங்காத கட்டிகள். முன்பக்கம் மடங்கி அடியை உறிஞ்ச வேண்டிய நீளத்தில் இவை எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றனவோ அவ்வளவு நீளம் கைவிட்டுப் போகும். அதோடு எடையும் கூடும். 64 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு கூடுதல் 100 கிலோவும் சுமார் 16 கிலோஜூல் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அசையாத தடுப்பில் மோதும் காரின் பாடிதான் அதையும் விழுங்கியாக வேண்டும். பெட்ரோல் மாடலின் பாடியை அப்படியே எடுத்து பேட்டரியைத் திணித்தால் சரிவராது என்பது இதனால்தான்.

ஆனால் சாலையில் இன்னொரு காரோடு மோதும்போது அதே எடை உங்கள் பக்கம் வேலை செய்கிறது. அமெரிக்க இன்சூரன்ஸ் துறையின் எச்எல்டிஐ ஆய்வு நிறுவனம் 2011-இல் ஒரே மாடலின் ஹைப்ரிட், சாதாரண வடிவங்களை ஒப்பிட்டது. ஹைப்ரிடில் இருப்பவர் காயம்படும் வாய்ப்பு சராசரியாக 25 சதவீதம் குறைவாக இருந்தது. அக்கார்டு ஹைப்ரிட் சுமார் 1,630 கிலோ, சாதாரண அக்கார்டு சுமார் 1,450 கிலோ என்ற வகை வித்தியாசம்தான் முக்கியக் காரணம் என்றார்கள். அதே ஆய்வுகளில் எதிர்ப்பக்கமும் வந்தது: நடந்து செல்பவரை இடித்துக் காயப்படுத்தும் விபத்துகளில் ஹைப்ரிடுகள் 20 சதவீதம் வரை அதிகம் சிக்கின. மெதுவாகப் போகும்போது சத்தமே இல்லை என்பதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது ஒலி எழுப்பியே ஆக வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்துக்கும் அதே ஆண்டு ஜனவரியில்தான் கையெழுத்தானது. உங்கள் தெருவில் குழந்தைகள் விளையாடுவார்கள் என்றால் என்னைப் பொறுத்தவரை இது பேட்டரித் தீயைவிடப் பெரிய விஷயம்.

ஹைப்ரிடுக்கென்று தனியாக ஒரு பலவீனம் இல்லை என்பதற்கு 2012 டிசம்பரில் நல்ல உதாரணம் கிடைத்தது. காரின் முன்பக்கத்தில் ஓட்டுநர் ஓரத்து 25 சதவீதம் மட்டும் தடுப்பில் மோதும் ஸ்மால் ஓவர்லேப் சோதனையை, அமெரிக்க இன்சூரன்ஸ் துறையின் மோதல் சோதனை அமைப்பான ஐஐஎச்எஸ் புதிதாகக் கொண்டுவந்திருந்தது. அதில் ஹைப்ரிடான பிரியஸ் வி மிக மோசம் என்ற தரம் வாங்கியது. ஹைப்ரிட் என்பதால் என்று சொல்லலாமா? அதே நாளில் அதே தரத்தை வாங்கிய இன்னொரு கார் கேம்ரி. இரண்டுமே அதுவரை இருந்த மோதல் சோதனைகளில் நல்ல பெயர் எடுத்தவை. முன் சக்கரத்துக்கு வெளிப்பக்கம் அடி விழுந்தால் தாங்க இரும்பு இல்லாததுதான் பிரச்சினை, ஆரஞ்சு ஒயர் அல்ல.

சரி, நம் ஊர் நட்சத்திரம். எல்லாக் கார்களும் தேற வேண்டிய சட்டச் சோதனை ஏஐஎஸ்-098: 56 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதல். பக்கவாட்டுக்கு ஏஐஎஸ்-099. எலெக்ட்ரிக் பவர்ட்ரெயின் பாகங்களுக்கு ஏஐஎஸ்-038. இவை ஐநா விதிகளை ஒட்டி எழுதியவை. மேலே சொன்ன வோல்டேஜ், விரல், இன்சுலேஷன் எல்லாம் இந்த வகையில்தான் வரும்; தேறினால் தேறியது, இல்லையென்றால் இல்லை. 2023 அக்டோபர் முதல் நடக்கும், நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனை இதற்கு மேலே, நிறுவனம் தானாக முன்வந்து செய்வது: முன்பக்கம் 64 கி.மீ., பக்கவாட்டு 50, கம்பம் 29. கம்பச் சோதனையில் நம்முடையது 29 கி.மீ., அந்த ஷெவர்லே வோல்ட் கார் மோதியது 32 கி.மீ. மூன்று கி.மீ.தானே என்று தோன்றும், ஆற்றல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். தரைக்கு அடியில் பெரிய பேட்டரி உள்ள கார்களுக்கு அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஹைப்ரிட் வடிவம் உள்ள மாடல்கள் பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. வாங்கும் முன் அந்த மாடலின் அறிக்கையைத் திறந்து, மோதப்பட்ட வேரியன்ட் எது, முடிவு எந்தெந்த வேரியன்ட்களுக்குப் பொருந்தும் என்ற வரியைப் படியுங்கள். மோதப்பட்டது பெட்ரோல் வடிவமாக இருந்தால் கூடுதல் எடையுள்ள ஹைப்ரிடுக்கு அந்த மதிப்பெண்ணை எந்த அடிப்படையில் நீட்டினார்கள் என்று ஷோரூமில் கேட்கலாம். விற்பனையாளருக்குப் பெரும்பாலும் தெரியாது, கேட்டு வைப்பதில் தப்பில்லை.

பின்னால் லாரி இடிப்பது பற்றிக் கேட்டீர்கள். பாரத் என்கேப்பில் பின்பக்க மோதல் இல்லை. அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 301 என்ற எரிபொருள் விதிப்படி நகரும் தடுப்பு ஒன்றை 80 கி.மீ. வேகத்தில் பின்பக்க அகலத்தின் 70 சதவீதத்தில் மோதவிட்டுக் கசிவு பார்க்கிறார்கள்; ஹைப்ரிடுகளின் மின்சாரப் பாதுகாப்பையும் அதே வகை மோதலுக்குப் பிறகு அளக்கிறார்கள். உலகச் சந்தைக்காக வடிவமைத்த கார்களில் பேட்டரி பின் சக்கரங்களுக்கு நடுவே அல்லது அதற்கும் முன்னால் இருக்கும், பம்பரை ஒட்டி இருக்காது. ஆனால் நின்றிருக்கும் காரில் சரக்கு லாரி ஏறினால் எந்த விதியும் அதை எதிர்பார்த்து எழுதியதல்ல. அங்கே முதலில் பாதிக்கப்படுவது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர். பேட்டரியைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியை அந்த வரிசையில் யாரை உட்கார வைக்கிறோம், எல்லோரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்பதற்குக் கொடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹைப்ரிட் சத்தமில்லாமல் நின்றால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்தால் கார் உயிரோடு இருக்கிறது, திடீரென்று எஞ்சின் ஓடலாம், ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டால் நகரலாம். சின்ன இடி, ஏர்பேக் வெடிக்கவில்லை என்றால் ரிலேக்களுக்குச் செய்தியே போயிருக்காது. பார்க்கிங்கில் போட்டு, பவர் பட்டனை அழுத்தி, ரெடி விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சாவியைக் காரிலிருந்து தள்ளி எடுத்துப் போங்கள். தீயணைப்பு வண்டி வந்தால் இது ஹைப்ரிட் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆரஞ்சு ஒயர் வெளியே தெரிந்தால் தொட வேண்டாம்.

அப்புறம் அந்தக் கார் எங்கே போகிறது என்று பாருங்கள். நம் ஊரில் பெரிய விபத்து என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும் வரை வண்டி காவல் நிலைய வளாகத்தில் மற்ற வண்டிகளோடு ஒட்டி நிற்கும். பேட்டரி அடிபட்ட லித்தியம் வண்டியைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் சுமார் 15 மீட்டர் தள்ளி நிறுத்து என்பது அமெரிக்க அறிவுரை. இங்கே அவ்வளவு இடம் கிடைக்காது என்பது தெரிந்ததுதான். குறைந்தபட்சம் நிறுவனத்தின் சர்வீஸ் ஆளை வரவழைத்து சேஃப்டி பிளக்கைக் கழற்றச் சொல்லி, ஒரு ஓரமாக நிறுத்தக் கேளுங்கள். பட்டறையில் டிங்கரிங், வெல்டிங் தொடங்கும் முன்பும் அந்தப் பிளக் கழற்றியிருக்க வேண்டும். பின்பக்கம் அடிபட்டிருந்தால் வெளியே கீறல்தான் என்றாலும் பேட்டரிப் பெட்டியையும் இன்சுலேஷன் அளவையும் சோதித்த ரிப்போர்ட்டை இன்சூரன்ஸ் சர்வேயரிடம் கேட்டு வாங்குங்கள்.